மங்கள வார்த்தைக்கு நாள் பார்த்த கதை

எங்கள் தோட்டக் கிணற்றில் தண்ணீர் முறை மாறுவது கிறிஸ்தவரின் வேதக்கோயில் மணிக்கு. பங்குக்காரர் மூன்று பேரும் சைவசமயம், வெள்ளிக்கிழமையில் மீன், மச்சம் தொடாத ஆட்கள். ஆனாலும் அந்த மணி கேட்டால்தான் ஒருவர் இறைப்பு மிசினை நிறுத்துவார், அடுத்தவர் தன் குழாயைக் கொண்டுவந்து பூட்டுவார். எங்கள் தோட்டம் பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில். கோயில் இரண்டு தோட்டவெளி தள்ளி இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மணி கேட்கும்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆளுக்கொரு போன் வைத்திருக்கிற காலத்தில் என்ன மணி என்பார்கள். சிரிக்கட்டும். என் மாமனார் காலத்தில் மூன்று பங்குக்காரரிடமும் மூன்று கைக்கடிகாரம் இருந்ததாம், மூன்றும் மூன்று நேரம் காட்டியதாம். எது சரி என்ற வாக்குவாதம் மண்வெட்டி ஓங்குகிற அளவுக்குப் போய், கடைசியில் எங்கள் ஒருவருக்கும் சொந்தமில்லாத மணியை வைத்துக்கொள்வோம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். வேதக்காரர் எங்களுக்காக மணி அடிப்பதில்லை, ஆகவே அதில் எங்களில் எவரும் கள்ளம் செய்ய முடியாது. சண்டை, இடப்பெயர்வு எல்லாம் வந்து போன பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

காலை ஆறு மணி அடித்ததிலிருந்து மத்தியான மணி வரை ஒருவர் இறைப்பார். மத்தியான மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணி வரை அடுத்தவர். பங்குனி, சித்திரையில் ஊற்றுக் குறைந்துவிடும். அப்போது ஒரு நாள் இறைத்தால் அடுத்த நாள் கிணற்றுக்கு ஓய்வு. சட்டம் இவ்வளவுதான்.

ஒரு பங்கு எங்களுடையது. இன்னொன்று ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவருடையது. தோட்டத்துக்கும் மடிப்புக் கலையாத சேட்டோடு வருகிற மனிதர் அவர். மூன்றாவது பங்கு என் மச்சாளுடையது, அதாவது என் கணவரின் தங்கையுடையது. சீதனமாக அவளுக்கு எழுதிய காணி. அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன பிறகும் எங்களுக்குள் நீ, நான் என்றுதான் கதை. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்.

மச்சாளின் புருசன் இளவயதிலேயே போய்விட்டார். ஒரே மகள் பிரான்சில். அங்கே வரச்சொல்லி மகள் ஒவ்வொரு வருசமும் கேட்பாள். "நான் வந்தால் கத்தரிக்குத் தண்ணி ஆர் விடுறது?" என்பாள் மச்சாள். மகள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவாள். இவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவாள்.

நாங்கள் இரண்டு பேரும் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மத்தியானம் மணி அடித்ததும் வகுப்பு முழுக்க எழுந்து நிற்கும். வேதக்காரப் பிள்ளைகள் செபம் சொல்லுவார்கள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்போம். அதற்கு மங்கள வார்த்தை என்று பெயர் என்பது மட்டும் தெரியும். செபம் முடிந்தால் சாப்பாட்டுப் பெட்டி திறக்கலாம். ஆகவே எங்களுக்கு மங்கள வார்த்தை என்றால் இடியப்பமும் சம்பலும். பிறகு தோட்டத்துக்கு வந்தபோது அதே மணி தண்ணீர் மாற்றுகிற மணியாகிவிட்டது. அதற்கு மேல் அதைப்பற்றி நான் யோசித்ததே கிடையாது.

போன வருசத்துக்கு முதல் வருச ஆவணியில் என் கணவர் காலமானார். அதுவரை கிணற்றுக் காரியம் முழுக்க அவர் பொறுப்பு. நான் தேத்தண்ணி கொண்டுபோவேன், களை பிடுங்குவேன், வெங்காயம் பிடுங்குகிற நேரத்தில் ஆள் பிடிப்பேன். அவர் போன பிறகுதான் மிசின் இழுக்கவே பழகினேன். அடுத்த பங்குனிக்குள் ஓரளவுக்குத் தோட்டக்காரியாகிவிட்டேன் என்று எனக்கு நினைப்பு.

அந்தப் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை முறை எனக்கு, மத்தியான முறை மச்சாளுக்கு. என் வெங்காயம் திரளுகிற பருவம். மச்சாள் புதன்கிழமைதான் கத்தரி நட்டிருந்தாள், அன்று மூன்றாம் நாள். நட்ட கன்றுக்கு மூன்றாம் நாள் தண்ணீர் தப்பக்கூடாது. தப்பினால் அந்த வெயிலில் கன்று தலையைத் தொங்கப் போட்டுவிடும், பிறகு நிமிராது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் மணி கேட்கவில்லை. நான் எழும்பப் பிந்திவிட்டேன், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இறைக்கத் தொடங்கினேன். மத்தியானம் நெருங்கியது. மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினேன். மணி அடிக்கவில்லை. நிழல் காலுக்குக் கீழே வந்துவிட்டது, அப்போதும் அடிக்கவில்லை.

அன்று வேதக்காரருக்குப் பெரிய வெள்ளி. பெரிய வியாழன் பின்னேரத்திலிருந்து சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசை வரைக்கும் அவர்களுடைய கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். இயேசுநாதர் இறந்த துக்கம். என் கணவருக்கும் தபால் அதிபருக்கும் மச்சாளுக்கும் இது தெரியும். அந்த மூன்று நாளில் மட்டும் கடிகாரம் பார்த்து முறை மாறுவதுதான் வழக்கமாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாலும் பெரிய வெள்ளிக்கு எங்களுக்கு லீவு, ஆகவே அந்தப் பாடம் எனக்கு நடக்கவில்லை.

இதுவரை நான் சொன்னதெல்லாம் உண்மை. ஊருக்கும் இவ்வளவைத்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டது இனித்தான் வருகிறது.

மணி அடிக்காமல் போகப் போக எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மடியில் செருகியிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. இன்னும் ஆறு பாத்தி இருந்தது. மிசினை நிறுத்தியிருக்க வேண்டும். போனைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு, மணி அடிக்கவில்லைத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மண்வெட்டியைப் பிடித்தேன். ஆறு பாத்தி முடிந்ததும் இன்னும் நாலு பாத்திக்கு இரண்டாந்தரம் விட்டேன். ஆசைக்கு அளவில்லை என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

ஒரு மணிக்கு மச்சாள் கிணற்றடிக்கு வந்து நின்றாள். பன்னிரண்டுக்கே வந்திருப்பாள், பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போய்விட்டு முழுகி வர நேரம் போய்விட்டது. கிணறு அடி தெரிந்தது. மிசின் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

"உதென்ன, இன்னும் இறைக்கிறாய்?" என்றாள்.

"மணி அடிக்கேல்லை."

"இண்டைக்குப் பெரிய வெள்ளி. மணி அடிக்காட்டில் மத்தியானம் ஆகாதோ? வெயிலைப் பாத்தாத் தெரியாதோ உனக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? மணிக்குத்தான் முறை. அடிச்சால் நிப்பாட்டியிருப்பன்."

"போன் வைச்சிருக்கிறாய்தானே. பாக்கேல்லையோ?"

"போன் வீட்டிலை" என்றேன்.

மடிக்குள் இருந்தது போன். சேலையோடு இறுக்கிச் செருகியிருந்தேன், இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீ பொய் சொல்லுறாய்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பொய் சொல்கிறவளுக்கு வருகிற கோபம் வேறு எவருக்கும் வராது. கத்தினேன். அவளும் கத்தினாள். சத்தம் கேட்டுத் தபால் அதிபர் வந்தார், அவர் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள்.

தபால் அதிபர் இரண்டு பக்கமும் கேட்டார். கேட்டுவிட்டு, கந்தோரில் இருந்து பழகிய குரலில் தீர்ப்புச் சொன்னார்: "எங்கடை ஏற்பாட்டின்படி மணிதான் நேரம். மணி அடிக்காத நாள் எண்டு இவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. புருசனை இழந்த பொம்பிளை. போன் வீட்டிலை எண்டு சொல்லுறா. ஆனபடியால் குற்றமில்லை." மச்சாள் அவரையும் பார்த்து, "உவள் பொய் சொல்லுறாள்" என்றாள். அவர் முகம் சுழித்தார். "கத்தரிக் கண்டுக்காக அண்ணன் பெண்சாதியைப் பொய்க்காரி எண்டு சொல்லக்கூடாது பிள்ளை" என்றார். நின்றவர்கள் அவருக்குத் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் என் குழாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் வரை ஊறிய தண்ணீர் மச்சாளுக்கு நாலு பாத்திக்குக்கூடப் போதவில்லை. அவளுடைய அடுத்த முறை செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாக அவள் வீட்டுக் கிணற்றில் அள்ளி, இரண்டு கையிலும் வாளியோடு தோட்டத்துக்கு நடந்தாள். என் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் சன்னலைச் சாத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தபால் அதிபர் மனமிரங்கித் தன் முறையில் ஒரு மணித்தியாலம் விட்டுக்கொடுத்தார். அதற்குள் கன்று சுருண்டு போயிருந்தது. கடைசியில் இரண்டு வரி மட்டும் தப்பியது. கடையடியில் ஆரோ, "பெரிய வெள்ளியிலை அவவின்ரை கத்தரியும் மரிச்சுப் போச்சு" என்று பகிடி விட்டு, அந்தப் பகிடி ஊர் முழுக்கப் போனது. தண்ணீருக்காக அண்ணன் பெண்சாதியின் மேல் பழி போட்டவள் என்ற கதையும் கூடவே போனது. கத்தரிக்கு மூன்று மாசம். அந்தக் கதைக்கு ஆயுசு அதிகம்.

பிறகு மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. கிணற்றடியில் ஆளை ஆள் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வோம். சொல்லவேண்டியது ஏதும் இருந்தால் தபால் அதிபரிடம் சொல்லி அனுப்புவோம். தபால் அதிபருக்குத் திரும்ப உத்தியோகம் கிடைத்ததுபோல.

அடுத்த வருசம் மாசி மாசம், வேதக்காரரின் தவக்காலம் நடக்கிற நேரம். தபால் அதிபர் என் வீட்டுக்கு வந்தார். "பிள்ளை, ஒருக்கால் வேதக்கோயிலுக்குப் போய், வருசத்திலை எந்தெந்த நாள் மணி அடிக்கிறேல்லை எண்டு கேட்டுக்கொண்டு வாரும். எழுதிக் கிணத்தடியிலை ஒட்டி விடுவம்" என்றார்.

"நீங்கள் போனால் என்ன?" என்றேன்.

"உம்மாலைதானே பிரச்சினை வந்தது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "உம்மடை மச்சாள் காணியை விக்கப்போறாவாம். மகளிட்டைப் போகப்போறாவாம். பங்குக் கிணத்துக்குப் புது ஆள் வரமுந்தி எல்லாத்தையும் எழுத்திலை வைக்கவேணும்" என்றார்.

மகள் இருபது வருசமாகக் கூப்பிட்டு அசையாதவள். தோட்டத்தை விட்டு ஒரு கலியாண வீட்டுக்குக்கூட இரண்டு நாள் போய்த் தங்காதவள். அவள் போகிறாள் என்றால் அதற்குக் காரணம் நான்தான். கத்தரி போனதற்காக அல்ல. ஒவ்வொரு வருசமும் ஏதோ ஒன்று போகிறதுதான். தன்னை வீண்பழி போட்டவள் என்று நினைக்கிற சனத்துக்கு நடுவில் இருந்து கத்தரிக்குத் தண்ணீர் விட அவளுக்கு மனம் வரவில்லை. அது எனக்கு உடனேயே விளங்கியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சைக்கிளில் கோயிலுக்குப் போனேன். அங்கே மணி அடிக்கிற பொறுப்பு ஒரு பெண்ணுக்கு. என் வயது இருக்கும், முழங்காலில் துணி சுற்றியிருந்தாள். பூச்சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கையில் இருந்த சாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கடை திரிகால மணிக்கோ உங்கடை ஆக்கள் தண்ணி மாத்திறியள்? இவ்வளவு காலமும் நான் மாதாவுக்கெண்டு நினைச்சல்லோ அடிக்கிறன்!"

"மாதாவுக்கும்தான். எங்களுக்கு வெங்காயத்துக்கு" என்றேன்.

அவள் நாட்களைச் சொன்னாள், நான் கொப்பியில் எழுதினேன். பெரிய வியாழன் பின்னேரத்திலிருந்து மணி இல்லை. அந்த நாட்களில் கோயிலுக்குள் ஒரு மரக்கட்டையைத் தட்டுவார்கள், அது மதிலுக்கு வெளியே கேட்காது. எழுதி முடித்த பிறகும் எனக்கு எழும்ப மனமில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருசம் அந்தச் செபத்துக்கு எழுந்து நின்றிருக்கிறேன், அதில் என்ன சொல்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மங்கள வார்த்தை என்றால் என்ன என்று அவளைக் கேட்டேன்.

"கடவுள் அனுப்பின சம்மனசு வந்து மாதாவுக்குச் சேதி சொன்னது. உமக்குப் பிள்ளை பிறக்கும், அது கடவுளின்ரை பிள்ளை எண்டு. அந்தச் சேதிதான் மங்கள வார்த்தை. அதை நினைச்சுத்தான் நாளுக்கு மூண்டுதரம் மணி."

"நல்ல சேதிதான். மங்களமான சேதி" என்றேன். எங்களுக்கு மங்களம் என்றால் தாலி, கெட்டிமேளம், நிறைகுடம். அந்தக் கணக்கில்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன நல்ல சேதி? கலியாணம் முடிக்காத பெட்டையிட்டைப் போய் உனக்குப் பிள்ளை பிறக்கப்போகுது எண்டு சொன்னால் எந்த வீட்டிலை அது மங்களம்? உங்கடை வீட்டிலையோ, எங்கடை வீட்டிலையோ? ஊர் என்ன கதைச்சிருக்கும்? அந்தப் பிள்ளை பயந்துதான் போச்சு."

"பிறகேன் மங்கள வார்த்தை எண்டுறியள்?"

அவள் சாடியைத் திரும்ப எடுத்துத் துடைத்தாள். "சாமியாரைக் கேட்டால் பெரிசாச் சொல்லுவார். எனக்கெண்டால் இப்பிடித்தான் படுகுது. சொல்லவேண்டிய ஆளிட்டை நேரை வந்து சொல்லிச்சுது. ஊராரிட்டைச் சொல்லேல்லை, ஆரிட்டையும் குடுத்து விடேல்லை. சொல்லிப்போட்டு ஓடவும் இல்லை. அந்தப் பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்டது, அதுக்கும் மறுமொழி சொல்லிச்சுது. பிறகு அந்தப் பிள்ளை என்ன சொல்லப்போகுது எண்டு பாத்துக்கொண்டு நிண்டது. அப்பிடி வந்து சொல்லுறது மங்களம்தானே."

மங்கள வார்த்தைக்கு அது சரியான விளக்கமோ, பிழையான விளக்கமோ எனக்குத் தெரியாது. அவர்களுடைய படித்தவர்கள் வேறு ஏதாவது சொல்லக்கூடும். எனக்கு அது சுருக்கென்று பட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே நினைவு. என்னிடம் ஒரு சேதி இருக்கிறது, அதைச் சொல்லவேண்டிய ஆள் ஒரே ஒருத்தி, அவளோ போகப்போகிறாள். அவள் காணியை எழுதிக் கொடுக்கிறதற்கு முன்னம் போய்ச் சொல்லிவிட வேண்டும். சைக்கிளை அவள் படலையடியில் நிறுத்தியும்விட்டேன்.

அப்போதுதான் அன்று செவ்வாய்க்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. செவ்வாயில் எந்தக் காரியமும் தொடங்கக்கூடாது. பதினொரு மாசமாகக் கதைக்காதவளோடு கதை தொடங்கப் போகிறேன், அதைச் செவ்வாயிலா தொடங்குவது? திரும்ப ஏறி மிதித்தேன்.

வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தேன். அடுத்த நாள் அட்டமி. அதற்கடுத்த நாள் நவமி. அட்டமி, நவமியில் போன காரியம் விளங்குமா? அதைத் தாண்டினாலும் தேய்பிறைதான், அமாவாசை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். கூடிவரவேண்டிய காரியத்துக்குத் தேய்பிறை ஆகாது. அமாவாசையில் என் தகப்பனுக்கு விரதம். அதற்கடுத்த வியாழக்கிழமை பாட்டிமை, பிரதமைத் திதி. பாட்டிமையில் நாங்கள் நல்ல காரியத்துக்கு வீட்டு வாசலைக்கூடத் தாண்ட யோசிப்போம். எல்லாம் கழித்துப் பார்த்தால் வளர்பிறைப் பஞ்சமி, திங்கட்கிழமை, ஒன்பது மணிக்குப் பிறகு இராகுகாலமும் இல்லை. அந்தத் திகதியில் பேனையால் ஒரு வட்டம் போட்டேன். பெரிய காரியம் செய்ததுபோல அன்று நல்லாய்ச் சாப்பிட்டேன்.

பயத்தில்தான் நாள் தள்ளினேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது எனக்கு அது பயமாகத் தெரியவில்லை, பக்தியாகத்தான் தெரிந்தது. அவளிடம் போகிற சொல் நல்ல நேரத்தில் போகட்டும், அவள் மனம் இளகட்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தும் வைத்தேன். அவளுக்கு என்ன சொல்லவேண்டும், எதை முதலில் சொல்லவேண்டும் என்று சமைக்கும்போது அடுப்போடு கதைத்துப் பழகினேன்.

அந்த வியாழக்கிழமை, பாட்டிமை நாள், கிணற்றடியில் அவளைக் கண்டேன். என் முறை முடிந்து அவள் முறை தொடங்குகிற நேரம். மணி அடித்தது, நான் மிசினை நிறுத்திக் குழாயைக் கழற்றினேன். வழக்கமாக நான் போகும்வரை அவள் தள்ளித்தான் நிற்பாள். அன்று கிட்ட வந்தாள். கிணற்றுக்கட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். குழாயைப் பூட்டவில்லை, மிசினை இழுக்கவில்லை. ஏதோ கேட்கப்போகிறாள், அல்லது நான் ஏதும் சொல்வேன் என்று நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. வாய்வரை வந்துவிட்டது. இன்றைக்கு வேண்டாம், இன்னும் நாலு நாள்தானே, திங்கட்கிழமை ஒழுங்காகச் சொல்வோம் என்று குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சிறிது தூரம் போனபிறகுதான் மிசின் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை முழுகி, திருநீறு பூசி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒன்பதரைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் குசினி வாசலில் பலகையில் குந்தியிருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. நான் எதிரே நிலத்தில் குந்தி ஒரு கெட்டு இலையை எடுத்து உருவத் தொடங்கினேன். அவள் தடுக்கவில்லை. அடுப்போடு பழகியது ஒன்றும் வாயில் வரவில்லை.

"பெரிய வெள்ளியண்டு போன் என்ரை மடியிலைதான் இருந்தது" என்றேன். "பன்னிரண்டு இருவதுக்குப் பாத்தனான். பாத்திட்டுத்தான் தண்ணியை விட்டனான். நீ சொன்னது உண்மை. நான்தான் பொய் சொன்னனான்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு கெட்டு முடிந்து அடுத்த கெட்டை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. அவள் ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஏசவில்லை.

"எனக்கு அது அண்டைக்கே தெரியும்" என்றாள் கடைசியில். "உன்ரை முகத்தை நான் ஆறு வயசிலை இருந்து பாக்கிறன். நீ பொய் சொன்னால் உன்ரை மூக்கு வேர்க்கும். கத்தரி போனால் போகட்டும். எல்லாரும் என்னைப் பாத்துத் தலையாட்டேக்கை நீ வாயைத் திறக்கேல்லை. அதைத்தான் தாங்கேலாமல் கிடந்தது."

"தபால் அதிபரிட்டை இப்பவே போய்ச் சொல்லுறன். கடையடியிலையும் சொல்லுறன். காணியை விக்காதை. என்னை நினைச்சு நீ ஏன் போகவேணும்?" எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

அவள் முருங்கைக் காம்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாள்.

"வெள்ளிக்கிழமை எழுதிக் குடுத்திட்டன்" என்றாள். "நொத்தாரிசிட்டைப் போய்க் கையெழுத்தும் வைச்சாச்சு. இனி என்ரை காணி இல்லை."

நான் கையிலிருந்த கெட்டைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு முதல்நாள் கிணத்தடியிலை உன்னட்டைக் கிட்ட வந்து நிண்டனான்" என்றாள். "நீ ஒரு சொல்லுச் சொன்னாலும் போகேல்லை எண்டு மகளுக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சுத்தான் நிண்டனான். வியாழக்கிழமை சொல்லியிருந்தாலும் காணும்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சந்தை திறந்திருந்ததா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். வியாழக்கிழமை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நான் பின்னேரமே தபால் அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கடையடியிலும் சொன்னேன், ஒளிக்காமல் சொன்னேன். அவள் விமானம் ஏறுகிற நாள்வரை அவள் வீட்டுக்குத் தினமும் போய் வந்தேன். அந்த வியாழக்கிழமை பாட்டிமை என்பதை மட்டும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.